உள்ளூரில் வசிக்கும் இயக்குநர்

தர்மபுரி ஆடிட்டர் என் கோப்பின் மேலட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதியது இரண்டே சொல்: வெளிநாட்டு முதலீட்டாளர். அவருடைய அலுவலகத்திலிருந்து நான் பிறந்த ஊருக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பென்னாகரம் சாலையில் இறங்கி, குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டி நடந்தால் வீடு வந்துவிடும். அதைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் சட்டத்துக்கு முக்கியம் என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாகப் பேசுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

சிங்கப்பூரில் நான் இருபத்தாறு வருடம் இருந்தேன். என்னைக் கல்யாணம் செய்து கூட்டிப்போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதை எழுத எனக்குப் பொறுமை இல்லை. நான் ஒரு பயண நிறுவனத்தில் டிக்கெட் போடும் மேசையில் சேர்ந்து, இந்தியாவுக்குக் குழுக்களை அனுப்பும் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனேன். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினேன். ஐம்பது வயது நெருங்கியபோது, இத்தனை வருடம் அடுத்தவன் நிறுவனத்துக்காகக் கத்திய தொண்டையை இனி எனக்காகக் கத்த வைக்கலாம் என்று தோன்றியது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களை அழைத்துவந்து இந்தப் பக்கத்தைச் சுற்றிக்காட்டும் ஒரு பயண நிறுவனம். அரசு உரிமம் பெற்றது. என்னுடையது.

சென்னையில் தொடங்கியிருந்தால் பாதி வேலை மிச்சம். தர்மபுரியில்தான் தொடங்குவேன் என்று நின்றது என் வீம்பு. இந்த ஊரில் என்னை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. ஒருத்தன் மகள், ஒருத்தன் தங்கை, பிறகு ஒருத்தன் விட்டுப்போன பெண்டாட்டி. இந்த ஊர்க்காரர்கள் தினமும் போய்வருகிற சாலையில் என் நிறுவனம் நடக்க வேண்டும், அதில் யாருடைய பெயரோடும் என் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நான் ஊர் திரும்பியது பாசத்தால் அல்ல.

பயண நிறுவனத்தை முழுக்க வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை என்றார் ஆடிட்டர். என் சிங்கப்பூர் அலுவலகத் தோழி ஒருத்தி பெயருக்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்ள, மீதி எல்லாம் என் பெயரில். சிக்கல் இயக்குநர் விஷயத்தில் வந்தது. இயக்குநர்களில் ஒருவராவது வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும். நான் வருடத்துக்கு இருபது நாள் வந்தால் அதிகம். ஆகவே இங்கேயே வசிக்கிற ஒருவரை இயக்குநராக்க வேண்டும்.

“நம்பிக்கையான ஆளாப் பாத்துப் போடுங்க. உங்க அண்ணன் இருக்கறாரில்லீங்க?” என்றார்.

என் அண்ணனைப் பற்றி எழுதும்போது அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். மரவள்ளிக் கிழங்கும் தக்காளியும் போடுகிறான், பத்து மாமரம் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து எதுவாக இருந்தாலும் அவனை முன்னால் உட்கார வைப்பார்கள். எங்களுக்குள் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. நான் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவன் தக்காளிக் கூடைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தான். எண்ணி முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தான். பிறகு, கையெழுத்துதானே, போட்டால் போகிறது என்றான். எதற்கென்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு காகிதங்கள். என் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டின் நகலை அந்த ஊர் நோட்டரி சான்றளித்து, அதன் மேல் அந்த அரசாங்கம் சான்றளித்து, அது இங்கே வந்ததும் நான் நான்தான் என்பதற்கு மறுபடி ஒரு காகிதம். வங்கியில் ஓர் அதிகாரி, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று மூன்று நாள் தனித்தனியாகக் கேட்டார். மூன்றாம் நாள் நான் குரலை உயர்த்தியதும் கூட இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பணம் வந்த முப்பது நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, அதனால் யார் மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. கிடைத்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபப்பட்டுக்கொண்டேன்.

இடம் மட்டும் சண்டையில்லாமல் கிடைத்தது. அதியமான்கோட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்த கட்டடம். கீழே பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கிற பாய் கடை, கட்டடமும் அவருடையதே. மாடியில் இரண்டு அறை. பாய் வாடகைப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தார், ஒரு இடத்தில் தவறு இருப்பதாகச் சொல்லித் திருப்பி அடிக்க வைத்தார், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் கதையிலேயே காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் நான் படிக்கவில்லை. படிக்க அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் சிங்கப்பூர் திரும்ப வேண்டிய நாள் காலையில் ஆடிட்டர் என் முன்னால் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கற்றையைப் பிரித்து வைத்தார். எல்லாம் வெற்றுத் தாள். கீழே வலது ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அந்த இடத்தில் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்களைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்றார். பென் டிரைவ் போல ஒன்று உண்டு, அதைக் கணினியில் செருகினால் என் கையெழுத்து போட்ட மாதிரி; அதையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒரு தீபாவளி இனிப்புப் பெட்டியைத் திறந்தார். துபாய்க்காரர், குவைத்காரர், பெங்களூர்க்காரர் என்று ஊர்ப்பட்ட பேருடைய கையெழுத்துகள் அதில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயர், பக்கத்திலேயே ரகசிய எண், ஒரே சீட்டில்.

ஒரு வாடிக்கையாளர் தன் பாஸ்போர்ட்டை என் மேசையில் மறந்துவிட்டுப் போனால் அவரைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவள் நான். அந்த நான், அன்றைக்கு உட்கார்ந்து அத்தனை தாளிலும் கையெழுத்துப் போட்டேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கேள்வி கேட்டால் சிங்கப்பூர் போய் வந்த திமிர் என்பார்கள். யார் என்ன சொன்னால் என்ன என்று இருக்கிற எனக்கு அன்றைக்குப் பார்த்து அந்தப் பயம் வந்தது.

நான்கு மாதம் கழித்து வந்தேன். அதற்குள் கம்பெனி பதிவாகி, வேன் வாங்கி, அறையில் மேசை நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. சுற்றுலாத் துறையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து அலுவலகத்தைப் பார்த்துவிட்டால் உரிமம். தைக்கு முதல் குழு: சிங்கப்பூர் ஈசூனிலிருந்து முப்பத்தோரு பேர், முன்பதிவு முடிந்திருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது. மாடியின் முழு அகலத்துக்கு. அண்ணன் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிக்கொண்டிருந்தான், பக்கத்தில் அண்ணி, கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள், பின்னால் ஒகேனக்கல் அருவி. என் தாய்மாமன் பேரன் ஒருவன், நடக்கத் தெரியாத குழந்தை, அவனுக்குக்கூட ஒரு வட்டம் இருந்தது. எனக்கு இல்லை. மேலே ஏறிப் போய்க் கேட்டேன். உன் போட்டோ வீட்டில் இல்லை என்றான். போனில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவசரம் என்றான். நான் கத்தரிக்கோல் கேட்டுக் கீழே போனேன், பாய் தரவில்லை. நாளைக்கு அதிகாரி வருகிறார், இன்றைக்கு வேண்டாம் என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். அறையின் நீள அகலம், கழிப்பறை, கணினி, வேனின் காகிதங்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் அண்ணனைப் பார்த்தே அடுத்த கேள்வியைக் கேட்டார். முதலில் எனக்கு அது வழக்கமான எரிச்சலாக இருந்தது. பிறகு இயக்குநர்கள் யார் யார் என்று கேட்டார்.

“நானும் என் சம்சாரமுங்க,” என்றான் அண்ணன்.

“இவங்க?”

“தங்கச்சிங்க. சிங்கப்பூரு. லீவுக்கு வந்திருக்குது.”

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வந்த சிரிப்பு. அதிகாரி கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். எங்கள் லெட்டர்பேடில், சொந்தக் காரணங்களால் இயக்குநர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம். கீழே வலது ஓரத்தில் என் கையெழுத்து. பென்சில் குறி சரியாக அழிபடாமல் பக்கத்திலேயே இருந்தது. அதில் போட்டிருந்த தேதியில் நான் சாங்கி விமான நிலையத்தில், காசிக்குப் போகும் நாற்பது முதியவர்களின் சக்கர நாற்காலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் விலகியதாகக் கம்பெனிப் பதிவகம் அனுப்பிய மின்னஞ்சல் கம்பெனி முகவரிக்குப் போயிருக்கிறது. அதைத் திறப்பது ஆடிட்டர். என் இடத்தில் அண்ணியைச் சேர்த்ததும் அவர்தான்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினைந்து நாளில் உரிமம் வரும், முப்பத்தோரு பேரும் வருவார்கள், வீட்டுச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பங்குகள் என் பெயரில்தானே இருக்கின்றன. பேசினால் எல்லாம் அங்கேயே நிற்கும். கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“சார், இந்தக் கம்பெனி என்னுது. இந்தக் கடிதத்தை நான் எழுதல. இவருக்கு உரிமம் குடுத்தா நான் கோர்ட்டுக்குப் போவேன்,” என்றேன்.

அதிகாரி கோப்பை மூடினார். குடும்ப விவகாரத்தை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார். இளநீரைத் தொடாமல் படி இறங்கிப் போனார். என் உரிமத்தை என் வாயாலேயே நிறுத்தினேன். இன்றைக்கு மறுபடி அந்த அறையில் நின்றாலும் அதைத்தான் செய்வேன்.

ஆடிட்டரைப் பிறகு கேட்டபோது, நீங்கள் செய்யச் சொன்னதாக உங்கள் அண்ணன் சொன்னார், அண்ணன் தங்கைக்குள் நான் என்ன கேட்பது என்றார். அவரை நான் திட்டியதை எழுத முடியாது. ஆனால் அதற்கு முன்னால், அந்த மாடி அறையில், அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம்.

“நீ வந்துட்டுப் போறவ,” என்றான். கத்தவில்லை, பஞ்சாயத்தில் பேசுகிற குரல். “நாளைக்கு வண்டி தொப்பூர் கணவாய்ல கவுந்துச்சின்னா போலீஸ் யாரப் புடிக்கும்? உன்னத் தேடி பிளேன்ல வருவானா? என் வூட்டுக்குத்தான் வருவான். மாட்டறவன் நானு, பேரு உனக்கா?”

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம். அதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே, என் கையெழுத்தை வைத்தே என்னை வெளியே தள்ளுவதா என்று கேட்டேன்.

“நீ போட்டுக் குடுத்ததுதான. நான் திருடலயே,” என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அப்பன் செத்தன்னிக்கு நீ எங்க இருந்த? கருமாதியும் முடிஞ்சப்புறம் வந்து நின்ன. அன்னிக்கே உன்னத் தண்ணி தெளிச்சி உட்டாச்சி.”

அப்பா இறந்தபோது நான் இரண்டு நாட்டுக்கும் இடையில் இருந்தேன். இந்தியக் குடியுரிமையை விட்டு, பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டேன். புதியது கைக்கு வரவில்லை. எந்த விமானத்திலும் என்னை ஏற்ற மாட்டார்கள். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவள், எனக்கு ஒரு டிக்கெட் போட முடியாமல் என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும், சாக்குச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

“சரி. நான் வெளிநாட்டுக்காரிதான். எனக்கு இங்க அண்ணனும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எழுதிக் குடுத்துட்டுப் போ,” என்றான். எழுந்து போய்விட்டான்.

அவனை நீக்குவது கஷ்டமாக இல்லை, நாள்தான் பிடித்தது. சேலத்தில் ஒரு பெண் வழக்கறிஞர், அதட்டலான குரல், எனக்கு உடனே பிடித்துப்போனது. பங்குகள் என்னுடையவை, ஆகவே கூட்டம் கூட்டி அவனையும் அண்ணியையும் நீக்கிவிட்டு, என்னையும் என் தோழியையும் இயக்குநராக்கினோம். அவன் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். கூட்டத்துக்கு வரவில்லை. முப்பத்தோரு பேரையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன், அது எனக்கு வராத வேலை.

மறுபடி அதே நிபந்தனை வந்து நின்றது: இங்கேயே வசிக்கிற ஒருவர். ஊரில் கேட்ட இடத்தில் எல்லாம், உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் பாயிடம் கேட்டேன்.

“ரூம் வேணும்னா தர்றேன் மேடம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. நாளைக்கும் உங்க அண்ணன் எங்கிட்டதான் பெயிண்ட் வாங்குவாரு,” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கொடுக்கிறேன் என்றதை எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர் வேலையை விட்டேன். தொழில் விசாவில் வந்து, அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு கட்டிலைப் போட்டேன். நூற்று எண்பத்திரண்டு நாள் நானே இங்கே இருந்துவிட்டால் உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் நான்தான். இன்னொருவன் காலில் எதற்கு நிற்க வேண்டும். இருந்தேன். நாள் முடிந்ததும் விண்ணப்பித்தேன், அதே அதிகாரி வந்தார், இந்த முறை இளநீர் குடித்தார், உரிமம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வேன் வாரம் தவறாமல் ஒகேனக்கல் போகிறது. நான் நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உரிமம் வந்த நாளைப் பற்றி அல்ல. அந்த அறைக்குக் குடிவந்த முதல் வாரத்தைப் பற்றி.

வெளிநாட்டவர் யாரையாவது தங்க வைத்தால் வீட்டுக்காரர் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பாய் அதை முறைப்படி செய்துவிட்டார். அதைச் சரிபார்க்க ஒரு பெண் காவலர் மத்தியானம் கடைக்கு வந்தார். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் விவரங்களைக் கேட்டு எழுதினார். வந்த தேதி, விசா எண், தொழில். பிறகு, உள்ளூரில் உறவினர் யாராவது இருந்தால் பெயரும் போன் எண்ணும் வேண்டும், அவசரத்துக்கு என்றார்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கடையில் நின்று காவல் துறைக்குப் பொய் சொல்ல முடியாது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். இங்கே ஆறு மாதம் இருக்கப்போகிறேன், அவனுக்குத் தெரியட்டும் என்று ஓர் ஆசை வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னானே, நான் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று அவனுக்கு எட்ட வேண்டும். அண்ணன் என்று சொல்லி, எண்ணையும் சொன்னேன். போனைப் பார்க்காமலே சொன்னேன், அது எனக்கு மனப்பாடம்.

அவர் அங்கேயே அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டு. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. காவலர் என் பெயரைச் சொல்லி, சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், உங்கள் தங்கை என்கிறார், சரிதானா என்று கேட்டார்.

டிராக்டர் சத்தம் நின்றது. அவன் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

“இல்லீங்களே,” என்றான். கோபமே இல்லாத குரல், மரியாதையான குரல். “அந்தப் பேருல எங்க வூட்டுல யாருமில்லீங்க.”

வைத்துவிட்டான். அதே வார்த்தையை நான் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னவள்தான். சொன்னபோது நன்றாக இருந்தது. கேட்டபோது கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டேன். இவனோடு போடுவதற்கு இன்னும் எவ்வளவு சண்டை மிச்சம் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பாய் தலையைத் திருப்பிக்கொண்டு, நேராக இருந்த டப்பாக்களையே மறுபடி நேராக அடுக்கத் தொடங்கினார்.

காவலருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேனாவை மூடாமல் மெதுவாகக் கேட்டார்:

“நம்பர மாத்திக் குடுத்துட்டீங்களாக்கா?”

“ஆமாம்மா,” என்றேன். “தப்பான நம்பர். எனக்கு இங்க யாரும் இல்ல.”